மூன்று முறை உடல்நலக் குறைவு

எங்கள் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் புதிதாக வந்த கணினிக்கு நாங்கள் வைத்த பெயர் மாப்பிள்ளை. வந்த அன்றே அதற்கு ஏ.சி. போட்டார்கள். இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்த எனக்குக் கடகடவென்று தலையாட்டும் ஒரு மேசை விசிறி. எங்கள் இரண்டு பேரில் யார் அதிகம் தலையாட்டுகிறார்கள் என்று பியூனுக்கே சந்தேகம் உண்டு.

முன்பெல்லாம் ஓர் இடம் காலி என்று கடிதம் வந்தால், பதிவு மூப்புப்படி பெயர்களை அனுப்புவோம். இப்போது மாப்பிள்ளை பழைய குறிப்புகளையெல்லாம் படித்து, இந்த ஆள் வேலையில் நிலைப்பாரா என்று நூற்றுக்கு மதிப்பெண் போடுகிறது. பட்டியலையும் அதுவே தயாரிக்கிறது. நாங்கள் பார்த்துவிட்டு ஒப்புதல் பொத்தானை அழுத்த வேண்டும். மனிதர்களும் பார்த்தார்கள் என்பதற்குச் சாட்சியாக எங்களை இன்னும் வைத்திருக்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை வேம்புலி வந்தார். முத்தாபுதுப்பேட்டைக்காரர், ஐ.டி.ஐ. முடித்த வயர்மேன், பதிந்து பதினாறு வருடம் ஆகிறது. அரசுப் பணிமனை ஒன்றுக்கு வயர்மேன் பட்டியல் போகப்போவதைக் கேள்விப்பட்டிருந்தார்.

"சார், வர்ற மாசம் எனக்கு நாப்பது முடியுது. அதுக்கப்புறம் கவர்மென்ட்டு நம்மளக் கண்டுக்காது. என் பேரு கீதா பாரு."

"வேம்புலின்னுதானே பதிஞ்சிருக்கே? எப்பலேர்ந்து கீதா?"

என் சர்வீஸ் அளவுக்குப் பழைய ஜோக். அவர் மரியாதைக்குச் சிரித்தார்.

பார்த்தேன். மூப்பில் நான்காவது ஆள். மாப்பிள்ளையின் கணக்கில் முந்நூற்றுப் பதினொன்றாவது. அறுபது பேருக்குத்தான் இடம். காரணமும் போட்டிருந்தது: "தொடர் உடல்நலக் குறைவு. மூன்று முறை."

"உடம்புக்கு என்ன வேம்புலி?"

"எனக்கா? டெய்லி ஏணில ஏறி எறங்கிக்கினு கீறேன். தலவலிக்கு மாத்திரை போட்டது கூட இல்ல. இன்னாத்துக்கு சார்?"

அந்தக் குறிப்பை எழுதியவர் பெயரும் கீழே இருந்தது. எஸ். சிவராமன். நான்தான்.

தனியார் கம்பெனி நேர்காணலுக்கு ஆள் அனுப்புவோம். மூன்று முறை போகாதவர் பெயருக்கு நேராக 'விருப்பமில்லை' என்று எழுதினால் பதிவே ரத்தாகிவிடும், மூப்பும் போய்விடும். ஒருவருக்கு அன்றைக்குக் கல்யாணம், ஒருவருக்கு மாமியார் சாவு, வேம்புலிக்குக் கிடைத்த ஒரு நாள் வேலையை விட மனமில்லை. நான் பெரிய தர்மப்பிரபு ஆயிற்றே. எல்லோருக்கும் 'உடல்நலக் குறைவு' என்று எழுதிவிடுவேன். யாரும் டாக்டர் சீட்டு கேட்டதில்லை. இந்த அலுவலகத்துக்கு வந்த பதினோரு வருடத்தில் ஆவடியில் பாதியைப் படுக்கையில் போட்டிருப்பேன்.

"வெள்ளிக்கிழமை வாயேன்" என்றேன்.

நான் ஓய்வு பெற ஏழு மாதம் இருந்தது. இரண்டு நாள் யோசித்தேன். யோசித்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது; பயந்தேன். புதன்கிழமை மாப்பிள்ளை, எங்கள் ஒப்புதலுக்குக்கூடக் காத்திராமல், பட்டியலில் உள்ள அறுபது பேருக்கும், 'உங்கள் பெயர் தேர்வாகியுள்ளது' என்று எஸ்.எம்.எஸ். அனுப்பியது. வேம்புலிக்குப் போகவில்லை.

வியாழக்கிழமை அதிகாரி கனிமொழியின் அறைக்குப் போனேன். முகப்பேரிலிருந்து ஸ்கூட்டரில் வரும் பெண், என் மகள் வயது.

"மேடம், வேம்புலி பேரை மேலே ஏத்தணும். அவருக்கு ஒரு நோயும் இல்ல."

"காரணம் அடிச்சாத்தான் மாத்த விடும் சார். என்னன்னு அடிக்கட்டும்?"

"நான் எழுதினது பொய்னு."

அவர் விரல் நின்றது. "இது விசாரணைக்குப் போகும் சார். பென்ஷனையே நிறுத்தி வைப்பாங்க. யோசிச்சுக்குங்க."

"ரெண்டு நாளா அதைத்தான் பண்ணினேன். அடிங்க."

எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நெஞ்சு லேசாக இருந்தது. ஒரு நிமிடம் இருந்திருக்கும்.

வேம்புலியின் பெயர் மேலே போகவில்லை, மஞ்சளாக மாறியது. பிறகு பட்டியலுக்குள் இருந்த அறுபதில் ஒன்பது பெயர்களும் மஞ்சளாயின. "பதிவு செய்த ஊழியர் நம்பத்தகாதவர். இவரது குறிப்புள்ள அனைவரும் சரிபார்ப்புக்காக நிறுத்தம். நாற்பத்தைந்து நாட்கள்." அந்த ஒன்பது பேருக்கும் நான் ஒரே ஒரு தடவைதான் காய்ச்சல் வரவழைத்திருந்தேன்.

கனிமொழி தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டு அரைமணி நேரம் சண்டை பிடித்தார்.

"அது நிறுத்தினதை நாங்க விடுவிக்க முடியாதும்மா" என்றது அந்தப் பக்கத்துக் குரல். "அடுத்த பட்டியல்ல பார்த்துக்கலாம்."

"ஒருத்தருக்கு அடுத்த பட்டியல் கிடையாது சார். வயசு தாண்டிடும்."

"எழுதி அனுப்புங்க. பார்க்கிறோம்."

வெள்ளிக்கிழமை காலை வரை யாரும் பார்க்கவில்லை. பட்டியல் அனுப்ப அன்றுதான் கடைசி நாள். ஒப்புதல் கொடுக்காவிட்டால் மிச்சமிருக்கும் ஐம்பத்தொரு பேருக்கும் வாய்ப்புப் போய்விடும். கனிமொழி பொத்தானை அழுத்திவிட்டுக் கை கழுவப் போனார். வெகுநேரம் குழாய்ச் சத்தம் கேட்டது.

பதினொரு மணிக்கு வேம்புலி வந்தார். சலவைச் சட்டை போட்டிருந்தார். எதையும் மறைக்காமல் சொன்னேன். பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டார்.

"நீ எழுதலன்னா அப்பவே பதிவு பூட்டிருக்கும். அதானே சார்?"

"ஆமா."

"எழுதினதால இப்ப பூட்ச்சு."

"ஆமா."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம். இப்டி எழுதப் போறேன்டான்னு. ஒருநாள் கூலி போனாப் போவுதுன்னு போய்ட்டு வந்திருப்பேனே."



எழுந்து வாசல் வரை போனவர் திரும்பினார். "அந்த ஒம்போது பேருக்கு யாரு சொல்றது? மெசேஜ் பாத்துட்டு நம்பிக்கினு கீறாங்கல்ல?"

"நான்தான்."

அவர் போன பிறகு ஒன்பது பெயர்களையும் ஒரு தாளில் எழுதினேன். முதல் பெயர் ஆக்னஸ், பட்டாபிராம். ஒரே மணியில் எடுத்துவிட்டார்.

"எம்ப்ளாய்மென்ட் ஆபீஸா? இரு சார், டிவி சத்தத்தக் கொறைக்கிறேன்." பிறகு போனைக் கையால் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் யாரிடமோ சொன்னது எனக்குத் தெளிவாகவே கேட்டது. "ஆபீஸ்லேர்ந்துதான். வந்துட்ச்சு போல."

கை விலகியது.

"சொல்லு சார்."