உதோன் மெனுவைப் பிடித்திருந்த காந்தம்

குடுவைக்குள் ஒன்றுமே நடக்கவில்லை.

ரிட்சு மூன்றாவது முறையாகக் குனிந்து பார்த்தாள். குழாய்த் தண்ணீர் மாதிரி தெளிவாகச் சுழன்றுகொண்டிருந்தது திரவம். டிசம்பரில் இதே பீனால், இதே சூடு, இதே ஒசாகா காற்று. ஒரே மணி நேரத்தில் தேன் நிறத்துக்கு மாறி, மூலக்கூறுகள் இரண்டிரண்டாகக் கைகோத்துக்கொண்டு நின்றன. தொண்ணூற்றாறு சதவீதம்! அதுவும் வினையூக்கி என்று ஒரு துகள்கூடப் போடாமல். அவளுடைய முதுகலை ஆய்வேட்டின் தலைப்பே அதுதான்: 'வினையூக்கி இல்லாமல் பீனால்களை இணைத்தல்.'

இப்போது ஜனவரி. பூஜ்யம்.

தலைப்புப் படிவத்தில் பேராசிரியர் குவபாராவின் சிவப்பு முத்திரை விழ வேண்டும். இன்று மாலை ஐந்துக்குள் அது அலுவலகத்துக்குப் போக வேண்டும். "ஒரு தடவை என் கண்ணால பாத்துட்டுக் குத்துறேன்" என்று சொல்லியிருந்தார் அவர். முத்திரை இல்லாவிட்டால் பட்டம் இல்லை. பட்டம் இல்லாவிட்டால், ஏப்ரல் முதல் தேதி கோபே பெயிண்ட் கம்பெனியில் அவளுடைய நாற்காலியில் வேறு யாரோ உட்காருவார்கள்.

"என்னடி, உன் பீனாலுக்கு இன்னும் புத்தாண்டு லீவு முடியலையா?" என்றான் கன்தா. பக்கத்து மேஜைக்காரன். அவளோடு ஒன்றாகச் சேர்ந்தவன்.

"வாய மூடு. எல்லாத்தையும் புது பாட்டில் உடைச்சுப் போட்டுப் பாத்தாச்சு."

"திட்டிப் பாத்தியா?"

"காலையிலேர்ந்து அதத்தான் பண்றேன்."

"அப்ப கெஞ்சிப் பாரு. அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு உதோன் சொல்லு. பசி உயிர் போகுது."

மூலையில் இருந்த ஃபிரிட்ஜ் கதவில் உதோன் நூடுல்ஸ் கடையின் மெனு தொங்கியது. அதைப் பிடித்துக்கொண்டிருந்தது ஒரு காந்தம். மாத்திரை அளவு, மேலே டெஃப்லான் உறை. குடுவைக்குள் போட்டால் திரவத்தைக் கலக்கிக்கொண்டே சுழலுமே, அதே கலக்கி. ரிட்சு மெனுவை உருவினாள். காந்தம் கையோடு வந்தது.

பழுப்பாக இருந்தது.

ரிட்சு தன் பெட்டியை ஓடிப்போய்த் திறந்தாள். உள்ளே இருந்த பன்னிரண்டு கலக்கிகளும் புதுப் பல் மாதிரி வெளுத்துக் கிடந்தன. டிசம்பர் இருபத்தெட்டு! ஆண்டிறுதிப் பெருந்துப்புரவு! துணைப் பேராசிரியை தட்சுமி வெள்ளைக் கையுறையோடு அலமாரி அலமாரியாக விரல் தடவிப் பார்த்த நாள். தங்கத்தையே கரைக்கும் ராஜதிராவகத்தில் ஆய்வகத்தின் அத்தனை கலக்கிகளையும் முக்கி எடுத்த நாள்.

"கன்தா... நாம கழுவிவிட்டது அழுக்கை இல்லடா."

"பின்ன?"

"வினையூக்கியை!"

பழுப்புக் காந்தம் குடுவைக்குள் குதித்தது. மணி பன்னிரண்டு பத்து. பன்னிரண்டு நாற்பதுக்கு ஓரத்தில் லேசான மஞ்சள். ஒன்றேகாலுக்குத் தேன்! புதுப் பொருள் உருவாகியிருக்கிறதா என்று பார்க்க, ஒரு சொட்டு எடுத்துச் சோதனைத் தட்டில் வைத்து ஓட்டி, புறஊதா விளக்கின் கீழே பிடித்தாள். புதுப் புள்ளி நீலமாக மின்னியது. இருவரும் கைகளைப் பிடித்துக்கொண்டு தரை அதிரக் குதித்தார்கள். கீழ்த்தளத்துக்காரர்கள் நிலநடுக்கம் என்று நினைத்திருக்கலாம்.

"போய்க் கூப்பிடு சென்செய்யை!" என்றான் கன்தா. ஆய்வகத்தில் எல்லாரும் குவபாராவை 'சென்செய்', அதாவது ஆசிரியர், என்றுதான் அழைப்பார்கள். "பாத்தார், குத்தினார், முடிஞ்சுது. உள்ள சுத்துற காந்தம் என்ன கலர்னு யாரு பாக்கப் போறா?"

ரிட்சு கதவு வரை போனாள். நின்றாள். தலைப்பில் இருந்த 'இல்லாமல்' மட்டும் கண் முன்னால் கொட்டை எழுத்தில் நின்றது. அந்தப் பொய்யின் மேல் முத்திரை விழுந்தால் அது அவள் பெயரோடு காலமெல்லாம் இருக்கும்.

"டேய், என் கலக்கிப் பெட்டி எனக்கு முன்னாடி யாருது?"

"நாகாய் அண்ணனுது. மூணு வருஷம் வனேடியம்கிற உலோகத்தையே கட்டிக்கிட்டு அழுதாரே, அவரு."

அவள் திரும்பி ஓடியது வனேடியம் உப்பு பாட்டிலை நோக்கி.

மூன்று மணிக்குக் குவபாரா வந்தார். கூடவே தட்சுமி.

"ஒண்ணுதானேம்மா கேட்டேன்? மூணு குடுவை வெச்சிருக்கே?"

ரிட்சு மூச்சு விடாமல் கொட்டினாள். "சென்செய், என் தலைப்பு தப்பு. முதல் குடுவையில சுத்தமான கலக்கி, ஒண்ணும் நடக்கல. ரெண்டாவதுல ஃபிரிட்ஜ்ல ஒட்டியிருந்த அழுக்குக் கலக்கி, ஒரு மணி நேரத்துல ஆயிடுச்சு. மூணாவதுல சுத்தமான கலக்கியோட வனேடியம், ஆயிரத்துல ஒரு பங்கு. பன்னெண்டே நிமிஷம்! இவ்வளவு நாளா வேலை செஞ்சது நாகாய் அண்ணன் விட்டுட்டுப் போன பழைய வனேடியக் கறை, சென்செய். நான் இல்ல."

குவபாராவின் புருவம் ஏறியது.

முதலில் வாய் திறந்தவர் தட்சுமி. "ஃபிரிட்ஜ்ல அழுக்குக் கலக்கியா? இருபத்தெட்டாம் தேதி நான் பாத்தப்ப அங்க ஒண்ணுமே இல்லையே!"

குவபாரா இருமினார். "அது... என் கோட்டுப் பையில இருந்துச்சு."

"உங்க பையிலயா!"

"மெனுவைத் தூக்கிக் குப்பையில போட்டுடுவீங்கன்னு பயம். ரெண்டையும் சேத்து ஒளிச்சு வெச்சு, லீவு முடிஞ்சதும் மறுபடி ஒட்டிட்டேன். காந்தம் போன கோடையில இந்தப் பொண்ணு பெட்டியிலேர்ந்து எடுத்தது."

கன்தா சிரிப்பை அடக்க முடியாமல் மேஜைக்கு அடியில் பேனா தேடப் போனான்.

குவபாரா மூன்றாவது குடுவையைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். தேன் நிறம் அவர் கண்ணாடியில் ஆடியது. "பன்னெண்டு நிமிஷம்னா சொன்னே?"

"ஆமா, சென்செய்."

"அடிப்பாவி! இது பழசை விட நல்லா இருக்கே!"

புதுப் படிவத்தை இழுத்து அவள் கையில் கொடுத்தார். 'மிகச் சிறிதளவு வனேடியத்தால் பீனால்களை இணைத்தல்' என்று ரிட்சு எழுதினாள். அவசரத்தில் எழுத்து கோணிக்கொண்டு போனது. டப் என்று விழுந்தது முத்திரை. "ஆய்வேட்டுக்குள்ள எல்லாத்தையும் திருத்தி எழுதணும். தூக்கத்தை மறந்துடு. ஓடு!"

நான்கு மாடி. இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினாள். அலுவலக ஜன்னலில் படிவத்தை வாங்கிய பெண்மணி, "எதுக்கும்மா இப்படிச் சிரிக்கிறே?" என்று கேட்டும் அவளால் நிறுத்த முடியவில்லை.

திரும்பி வந்தபோது குவபாரா போனில் நான்கு கிண்ணம் உதோன் சொல்லிக்கொண்டிருந்தார். தட்சுமி மெனுவை மறுபடி ஃபிரிட்ஜில் ஒட்டிக்கொண்டிருந்தார், வெளுத்த கலக்கி ஒன்றை வைத்து. ஒட்டுவதற்கு முன் அதைக் கையுறையால் ஒருமுறை துடைத்தும் கொண்டார்.