பெடலோடு நின்ற ஷூக்கள்

1

இந்தக் கதை ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கிடைத்தது. லென்ஸ் தேய்த்துக் கொடுக்கும் பெண்ணின் முழங்கையில் கட்டு. என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"சைக்கிள் கத்துக்கிறேன் சார்."

நாற்பதை நெருங்கும் வயதில் சைக்கிளா என்று சிரித்துத் தொலைத்தேன். அவள் சிரிக்கவில்லை. முழுவதையும் சொன்னாள்.

2

'அவளுடைய அண்ணன் காணாமல் போன அன்று மழை கொட்டி' (இந்த வரியை அடித்துவிட்டேன். அன்று நல்ல வெயில்.)

ஆறு மாதம் முன்பு, ஞாயிறு காலை. ஏரிக்கரைச் சுவரில் அண்ணனின் பந்தய சைக்கிள் சாய்ந்திருந்தது. ஷூக்கள் இரண்டும் பெடலிலேயே மாட்டியிருந்தன. பட்டைகூட அவிழவில்லை. ஆளை மட்டும் காணோம்.

(தெரியாதவர்களுக்கு: அந்த ஷூவின் அடியில் ஒரு தகடு உண்டு. மிதித்தால் பெடலில் 'டக்'கென்று மாட்டிக்கொள்ளும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால்தான் விடும். மறந்தால் சைக்கிளோடு சாய வேண்டியதுதான்.)

3

சைக்கிளை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றாள் அண்ணி. தங்கை விடவில்லை.

"அண்ணன் எப்படி இறங்கினான்னு எனக்குத் தெரியணும் அண்ணி. ஏறிப் பார்த்தாத்தான் தெரியும்."

குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் பழகினாள். சீட்டைப் பிடித்துக்கொண்டு அண்ணி பின்னாலேயே ஓடினாள்.

"குதிகாலைத் திருப்புடீ!"

"திருப்புறேன், விட மாட்டேங்குது!"

தொப்பென்று விழுந்தாள். முதல் வாரம் அண்ணனின் ஷூ தொளதொளவென்று இருந்ததால் மூன்று சாக்ஸ் போட்டாள். அடுத்த வாரம் ஒன்று. பிறகு வெறுங்காலுக்கே கச்சிதம்.

இந்த இடத்தை நான் நம்பவில்லை. கதைக்காகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். மேசைக்கு அடியிலிருந்து காலை நீட்டிக் காட்டினாள். ஓர் ஆணின் கால் அளவு இருந்தது. நான் பேச்சை மாற்றினேன்.

4

அடுத்த வாரம் கண்ணாடி வாங்கப் போனபோது அவள் இல்லை. அவளுடைய பையை எடுத்துப்போக அண்ணி வந்திருந்தாள். மீதி அண்ணி சொன்னது.

ஞாயிறு காலை தங்கை முதன்முறையாகத் தெருவில் இறங்கினாள். முனையில் திரும்பி வருவதாகப் பேச்சு. திரும்பவில்லை. கால் மணி நேரத்தில் போன் வந்தது.

"எங்கடீ இருக்க?"

"ஏரிக்கரைச் சுவர்கிட்ட. நான் திருப்பினது வேற பக்கம் அண்ணி, சைக்கிள் இங்க வந்து நிக்குது."

"இறங்கு முதல்ல!"

"இறங்கிட்டேன். பட்டையை அவிழ்த்துக் காலை உருவிட்டேன்." சரக்கென்று பட்டை ஒட்டும் சத்தம் கேட்டது. "அண்ணி... பட்டை மறுபடி மாட்டியிருக்கு. நான் மாட்டலை. ஷூக்குள்ள கையை விட்டேன். உள்ள கால் இருக்கு."

"யாரோட கால்?"

போன் அணையவில்லை. பெடல் மெதுவாகச் சுற்றும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததாம். அண்ணி செருப்புகூடப் போடாமல் ஓடினாள். ஏரிக்கரை வளைவைத் தாண்டினால்தான் அந்தச் சுவர் தெரியும்.

5

கேட்கும்போதே மனதில் இரண்டு முடிவு எழுதினேன். ஒன்றில் தங்கை சுவரோரம் நிற்கிறாள், அண்ணி கட்டிக்கொண்டு அழுகிறாள். இன்னொன்றில் சைக்கிள் மட்டும்.

எது நடந்தது என்று அண்ணியிடம் கேட்டேன். பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தாள். "அவ நிக்கிற மாதிரி எழுதிடுங்க சார்," என்றாள்.

எழுதப் பார்த்தேன். 'வளைவு தாண்டியதும், வெயிலில், தங்கை நி'

அதற்கு மேல் என் கை போகவில்லை. கதையில் அண்ணி இன்னும் வளைவை நோக்கி ஓடிக்கொண்டிருக்கிறாள். பத்தடிதான் பாக்கி. நீங்களாவது அவள்கூடப் போங்கள்.