சுவரை ஒட்டி வைக்கக் கூடாத பிரிண்டர்

டிரைவிங் ஸ்கூல் வாத்தியாருக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த வாய்தான் அவரைப் பிரிண்டர் கடை வரை இழுத்து வந்திருந்தது.

அவர் மனைவி வீட்டிலேயே வாழ்த்து அட்டை செய்து விற்கிறவள். போன வாரம் அவள் தங்கை வந்திருந்த நேரம் பார்த்து, பழைய பிரிண்டர் ஒரு தடித்த அட்டையை உள்ளே இழுத்து, மென்று, கசக்கித் துப்பியது. மனுஷன் சும்மா இருந்திருக்கலாம். "மெஷினுக்கே பிடிக்கல பாரு. இதையெல்லாம் யாரு பத்திரமா வெச்சுக்கப் போறாங்க?" என்றார். தங்கை வேறு சிரித்துத் தொலைத்தாள்.

அன்றிலிருந்து மனைவி அவரோடு பேசுவதில்லை. சொல்ல வேண்டியதைச் சுவரிடம் சொன்னாள். "சாப்பாடு மேசை மேல இருக்கு" என்பாள் சுவரைப் பார்த்து. இவர் போய்ச் சாப்பிடுவார். நாளெல்லாம் பேசியே பிழைக்கிறவருக்கு வீட்டில் ஒரு வார்த்தை கிடைக்காதது தாங்கவில்லை. நல்ல பிரிண்டர் ஒன்று வாங்கிக் கொடுத்தாலாவது வாயைத் திறப்பாளா என்று பார்க்கத்தான் வந்திருந்தார்.

அவள் அலமாரியிலிருந்து சுட்டு வந்த அட்டைகளை நீட்டினார். கடைக்காரர் ஒன்றை விரலால் சுண்டிப் பார்த்தார்.

"முந்நூறு கிராம் இருக்கும்."

"ஒரு அட்டையா?"

"சதுர மீட்டருக்குங்க. அட்டையோட தடிமனை அப்படித்தான் சொல்லுவோம்."

வாத்தியார் அதெல்லாம் தெரியும் என்பதுபோலத் தலையாட்டினார்.

முதலில் காட்டிய மெஷின் ஸ்கேன் செய்தது, போனோடு பேசியது. அட்டையை மட்டும் வளைத்து, கீறல் போட்டு வெளியே தள்ளியது.

"இதுல பேப்பர் கீழ்த்தட்டுல இருந்து போயி, உள்ள யூ-டர்ன் அடிச்சு வரும்" என்றார் கடைக்காரர். "தடி அட்டை அப்படித் திரும்பாது."

வாத்தியாருக்கு இது உடனே பிடிபட்டது. சந்துக்குள் லாரியைத் திருப்பச் சொன்னால் அவரால் மட்டும் முடியுமா?

"நேரா போயி நேரா வர்றது இருக்கா?"

இருந்தது. பார்க்க ஒரு லட்சணமும் இல்லை. ஆனால் பின்பக்கம் அட்டையை நிறுத்தி வைத்துச் செருகலாம். போன அட்டை போனபடியே தட்டையாக வந்தது. வாங்கிவிட்டார்.

வீட்டில் அதைப் பழைய இடத்திலேயே, சுவரை ஒட்டி வைத்தார். பின்பக்க மூடி திறக்கவில்லை. இழுத்தார், தட்டினார், பிரிண்டரைத் திட்டினார். மனைவி கதவு நிலையில் சாய்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சுவத்தோட ஒட்டி வெச்சா அட்டை எங்க நிக்கும்?"

பழக்க தோஷத்தில் அவர் சுவரைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"என்கிட்டயா கேக்குற?"

"அதுகிட்ட கேட்டா அதுவா நகரும்?"

வாத்தியார் மேசையை முன்னால் இழுத்தார். அவருடைய நாற்காலிக்கு இடமில்லாமல் போனது. அதைத் தூக்கிக்கொண்டு போய் வெளியே வைத்துவிட்டு வந்தார்.

"அன்னைக்கு நான் சொன்னது தப்புதான்" என்றார்.

"தங்கச்சி முன்னாடிதானே சொன்னீங்க?"

"சரி, அவ வரட்டும். அவ முன்னாடியே சொல்லிடறேன்."

"வரவெல்லாம் வேண்டாம்." அவள் அலமாரியைத் திறந்து, இருப்பதிலேயே தடித்த அட்டையைத் தேடி எடுத்தாள். "நீங்க சொன்னது தப்புன்னு இதுல அடிச்சு அனுப்பிடலாம். அவ பத்திரமா வெச்சுக்குவா."