செய்யாற்றுக்கு முன்னால்

கடைசிப் பிள்ளை பிறந்த பிறகுதான் ரேணுகாம்பாளுக்கு இது தொடங்கியது. மூத்திரம் வருவதுபோல் தோன்றினால் உடனே எழுந்து ஓட வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் புடவை நனைந்துவிடும். இருமினாலும் தும்மினாலும் அதே கதிதான். அவளுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து வீட்டில் கூடம் முழுக்கத் தறிதான். கணவர் வீரபாகு குழியில் கால் விட்டு உட்கார்ந்து புடவையின் உடலை நெய்வார். பக்கத்தில் உட்கார்ந்து, கரைக்கு நூல் ஓடும் நாடாவைத் தள்ளுவது அவள் வேலை. அவள் எழுந்தால் தறி நின்றுவிடும். "மறுபடியுமா?" என்று மட்டும் கேட்பார். அந்த ஒரு சொல்லுக்குப் பயந்தே அவள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தாள். நாக்கு வறண்டது, தலை வலித்தது, போகும்போது எரிந்தது. ஆனாலும் எழுவது குறையவில்லை.

கல்யாண வீடுகளில் பந்தியில் உட்காராமல் வாசலோடு திரும்பினாள். நாத்தனார் அதைத் திமிர் என்றாள். அவள் மறுக்கவில்லை. திமிர் என்றே சொல்லட்டும், நாற்றம் என்று சொல்லாமல் இருந்தால் போதும்.

ஆரணியில் கட்டிக்கொடுத்த மகள் தேவகிக்கு வளைகாப்பு வந்தது. அதற்கு மட்டும் போகாமல் இருக்க முடியாது. பழைய துணியை மடித்து வைத்துக்கொண்டு, காலையிலிருந்து பல்லில் பச்சைத் தண்ணீர் படாமல் பஸ் ஏறினாள். வீரபாகு பின்னால் ஆண்களோடு உட்கார்ந்துகொண்டார். பாலாற்றுப் பாலம் தாண்டியதுமே அடிவயிறு முட்டியது. மடியிலிருந்த வளையல் கூடையை இறுக்கிப் பிடித்தாள். பஸ் குலுங்கும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக நனைவது தெரிந்தது. கண்டக்டரைக் கூப்பிட்டு வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

"செய்யாறு வந்துடும்மா. கொஞ்சம் பொறுத்துக்க."

"பொறுக்க முடியாதுப்பா. ஒண்ணுக்குப் போவணும்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். வீரபாகு தலையைக் குனிந்துகொண்டார். கண்டக்டர் விசில் ஊதினார்.

கரும்புக் கொல்லை மறைவில் உட்கார்ந்து எழுந்தபோது, இறங்கியது தான் மட்டுமில்லை என்பதைக் கண்டாள். கைக்குழந்தைக்காரி ஒருத்தி, பூக்கூடையோடு ஒரு கிழவி, இன்னும் இரண்டு பேர், வரப்போரம் ஆளுக்கொரு பக்கமாக ஒதுங்கியிருந்தார்கள்.

"நல்லவேளை நீ கேட்டம்மா. பல்லைக் கடிச்சிக்கினு வந்தேன்" என்றாள் கிழவி. அவள் பெயர் பூவம்மாள். ஏறுவதற்குள் ரேணுகாம்பாளின் புடவையைப் பார்த்துவிட்டு, தனக்கும் அப்படித்தான் இருந்தது, அடி இறங்கிக் கர்ப்பப்பை சரிந்திருந்தது, காஞ்சிபுரம் பெரியாஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர் பார்த்தார் என்று காதோடு சொன்னாள்.

ஊர் திரும்பிய மறுநாள், நாடாவைக் கீழே வைத்துவிட்டு வீரபாகு கேட்டார். "எத்தினி நாளா இருக்குது?"

"சின்னவன் பொறந்ததுலருந்து."

சின்னவன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டான்.

"எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"இதை எப்பிடிங்க சொல்றது?"

அந்த வாரமே வீரபாகு தறியை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

கர்ப்பப்பை இறங்கி மூத்திரப்பையை அழுத்துகிறது, ஆபரேஷன் செய்தால் நல்லது, பிறகு சில மாதம் பாரம் தூக்கக்கூடாது, குந்தி வேலை செய்யக்கூடாது என்றார் டாக்டர். நாடா தள்ளுவது யார், தண்ணீர் எடுப்பது யார் என்று ரேணுகாம்பாள் நினைத்துப் பார்த்தாள். இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம் என்றாள். டாக்டர் கர்ப்பப்பையைத் தாங்க உள்ளே ஒரு ரப்பர் வளையம் வைத்து, மாத்திரை எழுதி, தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார்.

எரிச்சல் நின்றது. எழுவதும் பாதியாகக் குறைந்தது. இருமினால் மட்டும் இன்னும் நனைந்தது. அவள் எழும்போது வீரபாகு ஒன்றும் கேட்பதில்லை, தானும் எழுந்து ஒரு பீடி பற்றவைத்துக்கொள்வார்.

தையில் ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாம் என்று பேச்சு. தை வந்தபோது தேவகி கைக்குழந்தையோடு வீட்டில் இருந்தாள். அப்புறம் கல்யாணச் சீசன், தறி ஓயவில்லை. வளையத்தை எடுத்துக் கழுவி வைக்கும்போதெல்லாம், ஆபரேஷன் எப்போது என்று டாக்டர் கேட்பார். "ஆவட்டும்மா, பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு, ரேணுகாம்பாள் புடவையைச் சரிசெய்துகொண்டு மேஜையிலிருந்து இறங்குவாள்.