எட்னா டோபினின் பெயர்

முல்லாரி நகர மண்டபத்தில் அந்த ஞாயிறு மதியம் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேருக்காவது கிளிவ் பென்ரோஸ் ஒரு காலத்தில் அபராதச் சீட்டு எழுதியிருப்பார். பதினோரு வருஷம் அந்த ஊரில் போலீஸ் சார்ஜெண்ட். நாற்பதை நெருங்கும்போது வேலையை விட்டுவிட்டு அடிலெய்டுக்குப் போய் முறையாகப் பாட்டுப் படித்தார். இப்போது ஆப்பரா என்னும் மேற்கத்திய இசைநாடக மேடைகளில் டெனர் பாடகர். ஆண்குரலில் எட்டக்கூடிய உச்சத்தை எட்டிப் பாடுவதுதான் பிழைப்பு. ஊருக்குத் திரும்பிவந்து பாடுவது இதுவே முதல் தடவை.

மண்டபத்துக்கு நூறு வயது ஆனதற்கான விழா. பொறுப்பெல்லாம் பெரில் அம்மாள் கையில். எழுபத்தாறு வயதிலும் ஊரையே விரட்டி வேலை வாங்குபவர்.

"ஏம்ப்பா சார்ஜெண்ட், இன்னைக்கு யாரையும் புடிச்சு உள்ள போட்டுடாதே. நாற்காலி நிறையணும் எனக்கு" என்று வாசலிலேயே ஆரம்பித்தார்.

"நீங்க இன்னும் அதே வேகத்துலதான் வண்டி ஓட்டறீங்கன்னு கேள்விப்பட்டேன்."

"அதனாலதான் உயிரோட இருக்கேன். எமன் துரத்திப் புடிக்க முடியல."

முதல் பாதி நன்றாகவே போனது. தகரக் கூரைக்குக் கீழே வெயில் கொதித்தாலும் குரல் அடைக்கவில்லை. பியானோ வாசித்த ஹெலேனா, பாட்டு முடியும்போதெல்லாம் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டார். மூன்றாவது பாட்டில்தான் கிளிவ் அந்த ஆளைக் கவனித்தார். கடைசி வரிசை, ஓரத்து நாற்காலி. நரைத்த தாடி, இஸ்திரி போட்ட சட்டை. ரெக்ஸ் டோபின். கண்ணை அந்தப் பக்கம் திருப்பாமலே கிளிவ் மிச்சப் பாட்டுகளைப் பாடி முடித்தார்.

இடைவேளையில் மேடைக்குப் பின்னாலிருந்த சின்ன அறைக்கு ரெக்ஸே வந்தார். ஒரு கையில் தேநீர்க் கோப்பை, மறு கையில் நிகழ்ச்சிப் புத்தகம்.

"இதைப் படிச்சேன்" என்றார். "'முல்லாரியில் ஒரு சவ அடக்கத்தின்போது தற்செயலாகப் பாடினார். அன்று ஆர்கன் வாசித்த அம்மையார் கேட்டு வியந்து, பாட்டுப் படிக்கத் தூண்டினார்.' அழகா எழுதியிருக்கு. யாரோட அடக்கம்னு போடலையே?"

யாருடையது என்று கிளிவுக்குத் தெரியும்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஊருக்கு வடக்கே ஒரு பண்ணையின் ஆட்டு மயிர் கத்தரிக்கும் கொட்டகை எரிந்து சாம்பலானது. முதலாளியோடு முந்தின நாள்தான் ரெக்ஸ் சண்டை போட்டிருந்தார். அது ஒன்று போதும் என்று கிளிவ் அவரைக் கைது செய்தார். நாலு மாதம் கழித்து, மின்கம்பிக் கோளாறால் பிடித்த தீ என்று தெரிந்து ரெக்ஸை விட்டுவிட்டார்கள். அந்த நாலு மாதத்துக்குள் அவருடைய தாய் எட்னா இறந்துபோனார். சிறையிலிருந்து தேவாலயத்துக்கு ரெக்ஸை அழைத்துவந்தவர் கிளிவ்தான். வந்திருந்தவர்கள் ஒன்பது பேர். கீர்த்தனையை எடுத்துப் பாட ஆளில்லை. சும்மா நிற்க முடியாமல் கிளிவ் பாடினார். பாடும்போது அவருடைய இடது கை ரெக்ஸின் வலது கையோடு விலங்கில் பூட்டியிருந்தது.

இந்தக் கதையை எத்தனையோ பத்திரிகைகளுக்குச் சொல்லியிருக்கிறார். விலங்கை மட்டும் சொன்னதில்லை.

"கழட்டியிருக்கலாம்" என்றார் ரெக்ஸ். "அம்மாவைப் போட்டுட்டு எங்கே ஓடப்போறேன்?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான். போலீஸ் விதி அப்படின்னு என்னையே சமாதானம் பண்ணிக்கிட்டேன்."

"மண்ணு போடக்கூட இடது கையாலதான் போட்டேன்யா." ரெக்ஸ் கோப்பையை ஜன்னல் மேடையில் வைத்தார். "சண்டைக்கு வரல. பேரைப் போடணும். அவ்வளவுதான். எட்னா டோபின்."

அவர் போன பிறகு, வாசலிலேயே நின்றிருந்த ஹெலேனா, "ரெண்டு நிமிஷம் தள்ளி ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டார். கிளிவ் வேண்டாமென்று தலையசைத்தார்.

இரண்டாம் பாதிக்கு மேடையேறியதும் அவர் பியானோவுக்குச் சைகை காட்டவில்லை. சாட்சிக் கூண்டில் பேசிப் பழகிய அதே குரலில், ஏற்ற இறக்கமில்லாமல் பேசினார்.

"நான் முதல்ல பாடினது எட்னா டோபின் அம்மாவோட அடக்கத்துல. அன்னைக்கு அவங்க மகன் ரெக்ஸ் என் கையோட விலங்குல இருந்தார். செய்யாத குத்தத்துக்கு. அவரைப் புடிச்சது நான். சரியா விசாரிக்காம புடிச்சேன். அவர் வெளிய வந்த பிறகும் நேர்ல போய் ஒரு வார்த்தை சொல்லல. மேலதிகாரிங்க பேசாதேன்னு சொன்னாங்க, அது வசதியா இருந்துச்சு. இத்தனை வருஷமா எட்னா அம்மாவோட சாவை என் பெருமைக் கதையா சொல்லிக்கிட்டு திரிஞ்சிருக்கேன்."

நடு வரிசையிலிருந்து யாரோ ஒருவர், "அப்பவே சொன்னோமே, நீ கேட்டியா?" என்றார், கோபமாகவும் இல்லை, கேலியாகவும் இல்லை. கிளிவ், "கேக்கல" என்றார். பிறகு ஹெலேனாவைப் பார்த்துத் தலையசைத்தார்.

அடுத்த பாட்டில் உச்ச சுரம் ஒன்று லேசாகப் பிசிறியது. சமாளித்துக்கொண்டு பாடினார். கைதட்டல் முதல் பாதியைவிடக் குறைவு. இரண்டு தம்பதிகள் எழுந்து போனார்கள். ரெக்ஸ் கடைசிவரை உட்கார்ந்திருந்தார், ஒரு தடவையும் கைதட்டவில்லை.

முடிந்ததும் பெரில் அம்மாள், "என் விழாவுல வந்து இப்படிப் பண்ணிட்டியே" என்று முணுமுணுத்தார். ஆனாலும் ஒரு தட்டில் கேக் வைத்து அவர் கையில் திணித்தார். கிளிவ் அதைக் கீழே வைத்துவிட்டு வெளியே ஓடினார். ரெக்ஸ் தன் பழைய வண்டியின் கதவைத் திறந்துகொண்டிருந்தார். பின்னால் இரண்டு நாய்கள் எம்பிக் குதித்தன.

"ரெக்ஸ்."

"நல்லாத்தான் பாடறே. நடுவுல கத்தறே கொஞ்சம்."

"மன்னிச்சிடுன்னு கேக்க வந்தேன்."

ரெக்ஸ் ஏறி உட்கார்ந்து சாவியைப் போட்டார்.

"பத்தொன்பது வருஷம் எடுத்துக்கிட்டே. எனக்கும் கொஞ்சம் டைம் குடு" என்றார். "நாளைக்கு மயிர் கத்தரிக்க ஆளுங்க வர்றாங்க. முந்நூறு ஆடு நிக்குது. அடுத்த வாரம் போன் பண்ணு."

"நம்பர்?"

"பெரில் கிட்ட இருக்கு."

வண்டி கோதுமைக் கிடங்குகளைத் தாண்டித் திரும்பி மறைந்தது. கிளிவ் உள்ளே போய், நிகழ்ச்சிப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பெரில் அம்மாளிடம் நம்பரையும் பேனாவையும் கேட்டார்.