பட்டியலில் இல்லாத செடி

முத்துராமன் பட்டியலை வாசிக்க வாசிக்க, சரண்யாவின் அப்பா நல்லதம்பி ஒவ்வொரு சாமானாக வாசலில் நின்ற குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். நான்கு வருடத்துக்கு முன் இதே அரிமளத்து வீட்டுக்குச் சீராக வந்தவைதான். அந்தக் கல்யாணத்தைப் பேசி முடித்தவரும் முத்துராமன்தான். மனுஷன் அன்றைக்கு உடுத்தியிருந்த பட்டுக்கரை வேட்டியிலேயே, அத்துவிடவும் வந்திருந்தார்.

"பித்தளை அண்டா ஒண்ணு."

"ஏத்தியாச்சுங்க."

"குத்துவிளக்கு ரெண்டு."

"ஒண்ணைத்தான் காணும்."

"இன்னொண்ணு சாமி ரூம்ல கெடக்கும்," என்றாள் மாமியார் சொர்ணவல்லி, உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாமல்.

சரண்யாவுக்கு அண்டாவும் வேண்டாம், விளக்கும் வேண்டாம். ஜன்னல் கம்பியில் தொங்கிய செடி ஒன்றுதான் வேண்டும். ஆனால் அந்தப் பக்கம் அவள் திரும்பவே இல்லை. திரும்பினால் புருஷன் விக்ரமுக்குத் தெரிந்துவிடும். அவன் பிடித்த முயலுக்கு மூன்றே கால். அவள் ஆசைப்பட்டது எதுவும் இந்த வீட்டில் முழுசாக இருந்ததில்லை. வாசலோரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தான். கால் ஆட்டம் நின்றால் கை நீளும் என்பதைக் கல்யாணமான முதல் வருடமே கன்னத்தால் கற்றிருந்தாள்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம், புதுக்கோட்டையில் பிளவுஸ் தைக்கக் கொடுத்த கடையில் செடம் என்ற கொடிபோலச் சரிந்து வளரும் செடி ஒன்று தொட்டியில் தொங்கியது. தரையில் உதிர்ந்து கிடந்த ஒரு இலையைப் பொறுக்கி பர்ஸில் போட்டுக்கொண்டாள். அரிசியை விடக் கொஞ்சம் பெரிசு, பச்சையாக, சதைப்பற்றாக இருந்தது. இங்கே வந்து டீ கப்பில் மணலைப் போட்டு அதன் மேல் சும்மா வைத்தாள். மூன்று வாரத்தில் நூல் போல வேர் விட்டது. அந்த ஒற்றை இலை முளைத்துத்தான் இன்றைக்கு ஏழு சரமாக முழங்கை நீளத்துக்குத் தொங்குகிறது. பத்து நாளைக்கு ஒரு தடவை, இலையை விரலால் லேசாக அழுத்திப் பார்த்து, துவண்டிருந்தால் மட்டும் தண்ணீர் விடுவாள். ஒருமுறை சொர்ணவல்லி பாவம் பார்த்து அரிசி கழுவிய தண்ணீரை மூன்று நாள் ஊற்றி, அடித்தண்டு அழுகிப்போனது. அழுகலை அறுத்து, வெட்டுவாயை இரண்டு நாள் காயவைத்து, செங்கல் பொடி கலந்த மணலில் நட்டுப் பிழைக்க வைத்தாள். இதன் பேர் கழுதை வால் என்று தெரிந்த நாளிலிருந்து, "வீட்டுல கழுதை வாலைத் தொங்கவிட்டா குடும்பம் வெளங்குமா" என்பது மாமியாரின் தினசரிப் பாட்டு. உதிர்ந்த இலை முளைக்கும் என்பதை அவளும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை.

பட்டியல் முடிந்தது. "கெளம்புவோமாத்தா," என்றார் நல்லதம்பி.

சரண்யா முதல் தடவையாக ஜன்னல் பக்கம் திரும்பினாள். கேட்டால் கெடும், கேட்காவிட்டால் இங்கேயே கிடந்து சாகும். கேட்டுவிட்டாள்.

"அந்தச் செடி என்னோடது."

முத்துராமன் பட்டியலில் விரலை ஓட்டினார். "இதுல செடி இல்லையேம்மா."

"தொட்டி எங்களுது, தண்ணி எங்களுது. இவளுது என்ன?" என்றாள் சொர்ணவல்லி.

விக்ரமின் கால் ஆட்டம் நின்றது. அவன் எழுந்து ஜன்னலுக்குப் போனான்.

"இதுவா வேணும் ஒனக்கு?"

"தொடாதீங்க. எல உதிர்ந்துரும்."

சொல்லியிருக்கக் கூடாது. அவன் சிரித்துக்கொண்டே ஒரு சரத்தை மேலே பிடித்து, முருங்கைக் கீரை உருவுவது போலக் கீழ்வரை உருவினான். இலைகள் தரையெல்லாம் தெறித்தன. ஏழு சரத்தையும் உருவிவிட்டு, மொட்டைத் தண்டைத் தொட்டியோடு வாசலில் வீசினான். தொட்டி சுக்கு நூறானது.

"டேய்!" என்று நல்லதம்பி பாய்ந்தார். சரண்யா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்ப்பா."

"கூட்டுறதுக்கு இங்க ஆளில்ல. அவ குப்பைய அவளையே அள்ளிக்கிட்டுப் போகச் சொல்லுங்க," என்றாள் சொர்ணவல்லி.

சரண்யா தரையைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. உட்கார்ந்து துப்பட்டாவை விரித்து, ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். அழுகை வந்தது, மறைக்கவில்லை. கட்டிலுக்கடியில் ஓடியதையும் விடவில்லை. கடைசியில் விக்ரமின் பாதத்தருகே வந்தாள். கால் விரலுக்கடியில் நாலைந்து கிடந்தன. அவன் அழுத்தினால் போச்சு.

"காலை எடுங்க."

நான்கு வருடத்தில் அவனிடம் இப்படி எதையும் சொன்னதில்லை. அவளே திடுக்கிட்டாள். அவன் முத்துராமனைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். பிறகு காலை எடுத்தான்.

வண்டி ஆவுடையார்கோவில் பாதையில் திரும்பியது. அப்பா அவள் மடியிலிருந்த துப்பட்டா மூட்டையைப் பார்த்துக் கண் கலங்கினார்.

"அவெந்தான் பிச்சுப் போட்டான்னா, அந்தக் குப்பைய ஏன்த்தா சொமந்துக்கிட்டு வர்றே?"

சரண்யா மூட்டையை லேசாகப் பிரித்துக் காட்டினாள். கைகொள்ளாத பச்சை இலை.

"அந்த வீட்டுக்குப் போறப்ப ஒத்த எலதாம்ப்பா கொண்டு போனேன்."

நல்லதம்பி அந்த இலைகளைப் பார்த்தார். பிறகு டிரைவரிடம் வண்டியை மெதுவாக ஓட்டச் சொன்னார்.