றொசல்லையில் எடுத்த பிடிமண்

எங்கள் குலதெய்வத்தின் விலை இரண்டாயிரம் ரூபாய். கோயில் மலைக்குக் கொண்டுபோக ஆட்டோக்காரர் கந்தப்பன் மூவாயிரத்தில்தான் ஆரம்பித்தார். அட்டன் கடைத்தெருவில் வளர்ந்தவன் நான். கேட்ட விலையைக் கொடுத்தால் அன்று எனக்குச் சோறு இறங்காது. காத்திருக்க ஐந்நூறு கேட்டார், அதையும் வெட்டினேன். றொசல்லைக்கு மேலே, கொழுந்து நிறுக்கும் மடுவத்து வளைவில் எங்களை இறக்கிவிட்டு, மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

கூட வந்தவள் லெட்சுமி, கோத்தகிரிக்காரி. அவள் தாத்தாவும் என் தாத்தாவும் கூடப்பிறந்தவர்கள். அவள் தாத்தா இலங்கையை விட்டு இந்தியாவுக்குக் கப்பலேறியபோது, இங்கிருந்த மாடசாமி காலடியில் ஒரு பிடி மண் எடுத்துப்போய் அங்கே கோயில் வைத்தார். இந்த மாடசாமியே எங்கள் பாட்டன் திருச்சிப் பக்கமிருந்து மடியில் முடிந்து வந்த பிடிமண்தான். கோத்தகிரிக் கோயில் ரோட்டு வேலையில் போய்விட்டது. புதிதாகக் கட்ட மறுபடி ஒரு பிடி வேண்டும்.

மழையில் மலை வெடித்து, தோட்டத்து லய வீடுகளில் இருந்த ஆட்களையெல்லாம் கீழே பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியிருந்தார்கள். அதைச் சொல்லித் தடுத்துப் பார்த்தேன். நாளைக்குத் தனக்குப் பிளைட் என்றாள்.

ஏறினோம். தேயிலைக்கு நடுவே கை நுழையும் அகலத்துக்கு வெடிப்பு. சவுக்கு மரங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றன. ஒரு குருவிச் சத்தம் இல்லை.

மாடசாமி மூன்று கல், பக்கத்தில் ஓர் ஊற்று. லெட்சுமி சூடம் கொளுத்திவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பல்லி சொல்லாமல் பிடிமண் எடுக்கக்கூடாதாம். இந்த மழையில் எந்தப் பல்லி வெளியே வரும்? காலுக்கடியில் ஏதோ முனகியது. பொறுக்க முடியாமல் நானே நாக்கைத் தட்டினேன்.

"அண்ணே, அது நீங்க."

அப்போதுதான் ஊற்றைப் பார்த்தேன். கண்ணாடிபோல் இருந்த தண்ணீர் செக்கச்செவேலென்று பொங்கி வந்தது. மலை உள்ளே கரைகிறது.

"தண்ணி செவந்திருச்சு தங்கச்சி. இதுக்கு மேல என்ன உத்தரவு வேணும்? அள்ளு."

அள்ளினாள். அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு விழுந்தடித்து இறங்கினேன். வளைவைத் தாண்டிப் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்தபோது, முதுகுக்குப் பின்னால் பத்து லொறி கல்லை ஒன்றாகக் கொட்டிய சத்தம். திரும்பினால் மாடசாமி இல்லை. மடுவமும் இல்லை, வளைவும் இல்லை.

வாசலில் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்த கந்தப்பன் கோப்பையைக் கீழே வைத்தார். காத்திருப்புக் காசு கொடுத்திருந்தால் அந்த வளைவில்தான் நின்றிருப்பார்.

லெட்சுமி மெல்லக் கையை விரித்தாள். சேறாக அரைப் பிடி.

"இனி பிடிமண் வேணும்னா நீங்கதாண்ணே எங்ககிட்ட வரணும்."

மனதுக்குள் கணக்குப் போட்டேன். பாட்டன் கொண்டுவந்தது ஒரு பிடி. சின்னத்தாத்தா கொண்டுபோனது ஒரு பிடி. இவள் கையில் அரைப் பிடி. என் பேரத்தில் மிச்சம், கந்தப்பன். மாடசாமிக்கு நாங்கள் தரவேண்டிய பாக்கி, எங்கள் இரண்டு உயிர். கோத்தகிரியிலிருந்து எனக்கு வரவேண்டியது, ஒரு பிடி.